கணையமும் சதையியும்: கலைச்சொல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கும் மருத்துவக் கலைச்சொல் தொகுப்பாளர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளி அறிவியல் நூல்களுக்கும் மருத்துவச் சொற்றொகுதிகளுக்கும் பொறுப்பேற்றிருக்கும் உங்கள் இரு தரப்பினரையும் ஒருசேர விளித்தே இம்மடலை எழுதுகிறேன். இரைப்பையின் பின்புறம், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் ஓர் உறுப்பைத் தமிழ்நாட்டு மாணவர் கணையம் என்று படிக்கிறார். இலங்கை மாணவர் சதையி என்று படிக்கிறார். இவற்றுள் ஒன்றைக் கைவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பெயர்களையும் ஒரே பதிவில் அச்சிட்டு, அந்த உறுப்புக்கு அந்தந்தப் பெயர் ஏன் பொருந்துகிறது என்பதை நான்கைந்து வரிகளில் விளக்கி எழுதுங்கள் என்பதே என் கோரிக்கை. நான் புரட்டிப் பார்த்த பட்டியல்களில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்று இரண்டு நிரல்கள் உண்டு. காரணம் சொல்லும் மூன்றாவது நிரல் இல்லை. அந்த மூன்றாவது நிரலுக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

மருத்துவத் துண்டறிக்கைகளையும் அறுவை ஒப்புதல் படிவங்களையும் தமிழாக்குவது என் தொழில். அவற்றைப் படிப்பவர் மதுரையிலும் இருப்பார், வவுனியாவிலும் இருப்பார், டொரொண்டோவிலும் இலண்டனிலும் இருப்பார். கணைய அழற்சியைப் பற்றி நான் எழுதிய ஒரு துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, கணையம் எண்டால் என்ன? ஈரலுக்குப் பக்கத்தில இருக்கிறதோ?" சதையி என்றதும், "ஓ, அதுவோ" என்றார், அதற்கு மேல் அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பத்தாம் வகுப்பிலேயே படித்தது அவருக்கு நினைவிருந்தது. இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. இலங்கைத் தமிழில் எழுதப்பட்ட ஒரு மருத்துவக் குறிப்பில் 'சதையிப் புற்றுநோய்' என்று கண்ட தமிழ்நாட்டு உறவினர் ஒருவர், அது தசையில் வரும் புற்றுநோய் என்று எண்ணிக்கொண்டு, கை கால்களில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று விசாரித்தார். இருவருமே நன்றாகத் தமிழ் படித்தவர்கள்.

சதையி என்ற சொல்லிலிருந்து தொடங்குவதே முறை. அதன் வேர் மிகப் பழையது. உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் பான்கிரியாஸ் என்பது இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. 'பான்' என்றால் முழுவதும். 'கிரேயாஸ்' என்றால் இறைச்சி. இதில் ஒரு நுட்பம் உண்டு. உயிருள்ள உடலின் தசையைக் குறிக்கக் கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்று வேறொரு சொல் இருந்தது. 'கிரேயாஸ்' என்பது வெட்டி, சமைத்து, தட்டில் வைக்கும் கறி. ஆகவே இந்தப் பெயர் பிறந்த இடம் மருத்துவக் கூடம் என்பதைவிட, பலிபீடமோ கறிக்கடையோ என்று கொள்வதே பொருத்தமாக எனக்குப் படுகிறது. எலும்பில்லை, குருத்தெலும்பில்லை, அறுத்தால் எங்கும் ஒரே சீராகக் கறியாகவே இருக்கிறது என்ற எண்ணமே பெயரானது என்பது பொதுவான விளக்கம். இதே உறுப்புக்கு 'கல்லிகிரேயாஸ்' என்று இன்னொரு பழம்பெயரும் இருந்தது. 'அழகிய கறி' என்று அதற்குப் பொருள். அந்தப் பெயர் மறைந்துபோகவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கணையத்தில் கண்ட ஒரு நொதிக்குக் கல்லிகிரைன் என்று பெயரிட்டபோது இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸ், இவ்வுறுப்பை விவரித்த முதல் உடற்கூற்றியலாளர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். பெயரை நிலைநிறுத்தியவர் என்று எபேசு நகரத்து ரூபஸைக் குறிப்பிடுவது மருத்துவ வரலாற்று நூல்களின் வழக்கம். ஆனால் அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் 'பான்கிரியாஸ் என்று சொல்லப்படுவது' என எழுதியிருக்கிறார். ஆகவே சொல் அறிஞர்களுக்கு முந்தியது, மக்கள் வாயில் வழங்கியது என்றே கொள்ளலாம். பெயர் வைத்தார்களே ஒழிய, அது என்ன செய்கிறது என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முதுகெலும்புக்கு முன்னே ஓடும் இரத்தக் குழாய்களைத் தாங்கும் மெத்தை என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் கருதினார். 1543இல் மனித உடலின் கட்டமைப்பைப் பற்றித் தம் பெருநூலை வெளியிட்ட வெசேலியஸும் இரைப்பைக்குக் கீழே இடப்பட்ட திண்டு போலவே இதைப் பார்த்தார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இது வெறும் தலையணையாகவே இருந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதுதான் சதையி என்ற சொல்லின் நேர்மை புலப்படும். தசை என்பதும் சதை என்பதும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பதை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகவே பள்ளியில் படித்திருக்கிறோம். அதன் இறுதியில் சுரப்பி, நொதி என்பவற்றில் வருவது போல் ஓர் இகரத்தைச் சேர்த்து, சதையால் ஆனது என்ற பொருளில் ஓர் உறுப்புப் பெயரை ஆக்கியிருக்கிறார்கள். 'கிரேயாஸ்' அப்படியே வந்திருக்கிறது; 'பான்' மட்டும் விடுபட்டிருக்கிறது. அது விடுபட்டதால்தான் தமிழ்நாட்டுச் செவிக்குக் குழப்பம் வருகிறது. இலங்கையில் 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளுக்காக உழைத்தவர்கள் பொதுவாகவே மூலச் சொல்லின் பொருளைத் தேடிப் பிடித்துத் தமிழாக்கும் பழக்கம் உடையவர்கள். கலம், இழையம், மயிர்த்துளைக்குழாய் ஆகிய சொற்கள் செல், திசு, தந்துகி ஆகியவற்றுக்கு எதிரே நின்று அந்தப் பழக்கத்தை இன்றும் காட்டுகின்றன. இத்தனைக்கும் அதே தீவில் சிங்களப் பாடநூல்கள் இதே உறுப்பை வடமொழி வழியில் 'அக்னியாசய' என்று எழுதுகின்றன. பக்கத்து மேசையில் இருந்த சொல்லை எடுத்துக்கொள்ளாமல் தமிழ்ச் சொல்லை ஆக்கியவர்களின் துணிவை நான் மதிக்கிறேன்.

மூலத்தின் பொருளைப் பின்பற்றிப் பெயரிட்டவர்கள் உலகில் இவர்கள் மட்டுமல்லர். டச்சுக்காரர்கள் இவ்வுறுப்பை 'ஆல்ஃப்லேஸ்கிலீர்' என்பார்கள். 'முழு இறைச்சிச் சுரப்பி' என்பது அதன் நேர்ப்பொருள். நாகசாகித் துறைமுகம் வழியாக டச்சு மருத்துவ நூல்களைப் பெற்றுப் படித்த ஜப்பானிய அறிஞர்கள் அதைத் தம் மொழிக்குக் கொண்டுவர முயன்றபோது, சீன எழுத்துகளில் அதற்கு ஏற்ற எழுத்து கிடைக்கவில்லை. உதகாவா கென்சின் என்ற மருத்துவர் 1805இல் வெளியான தம் நூலில் புதிதாக ஓர் எழுத்தையே உருவாக்கினார். இடப்பக்கம் உடற்சதையைக் குறிக்கும் குறி, வலப்பக்கம் திரட்டுதலைக் குறிக்கும் குறி. இரண்டும் சேர்ந்து 'சுயி' என்று ஒலிக்கும் ஒரே எழுத்து. சுரப்பி என்பதற்கும் அவரே ஓர் எழுத்தைப் படைத்தார். இரண்டும் இன்றுவரை ஜப்பானிய மருத்துவமனைகளில் நாள்தோறும் எழுதப்படுகின்றன. கிரேக்கக் கறிக்கடைச் சொல் ஒன்று டச்சு வழியாக ஜப்பானிய எழுத்தாக மாறியது போலவே, ஆங்கிலப் பாடநூல் வழியாக யாழ்ப்பாணத்துத் தமிழில் சதையியாக வந்து சேர்ந்திருக்கிறது. இந்த உறவை ஒரு மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தால் அந்தச் சொல் அவருக்கு ஒருநாளும் மறக்காது.

பொருளைப் பின்பற்றாமல் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தவர்களும் உண்டு. ஜெர்மானியர் 'வயிற்று உமிழ்நீர்ச் சுரப்பி' என்கிறார்கள். மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேசு என்ற நொதி வாயிலும் சுரக்கிறது, இங்கும் சுரக்கிறது என்பதால் அது பாதி உண்மை. இந்தியில் சிங்களத்தைப் போலவே அக்னியின் உறைவிடம், மலையாளத்தில் ஆக்னேயகிரந்தி, செரிமானத்தை நெருப்பாகக் காணும் ஆயுர்வேதப் பார்வை இரண்டிலும் இருக்கிறது. கன்னடத்தில் 'மேதோஜீரக கிரந்தி', அதாவது கொழுப்பைச் செரிக்கும் சுரப்பி. கணைய நீர் கொழுப்பைப் பிளக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குளோது பெர்னார்டு நிறுவியதைத் தெரிந்துகொண்டு வைத்த பெயர் போல இருக்கிறது. தெலுங்கர் 'குளோமம்' என்கிறார்கள். அது சுசுருத சங்கிதையிலேயே வரும் பழஞ்சொல். ஆனால் அங்கே அது எந்த உறுப்பைக் குறித்தது என்பதில் உரையாசிரியர்களுக்குள் இன்றுவரை இணக்கம் இல்லை. ஐயத்துக்கிடமான ஒரு பழம்பெயரை எடுத்து உறுதியான ஓர் உறுப்பின் தலையில் கட்டியது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. ஆனால் தெலுங்கு மாணவருக்கு அதனால் எந்த இடரும் இல்லை, ஏனெனில் அவர் மொழியில் அது ஒன்றுதான் பெயர். நமக்குத்தான் இரண்டு.

இனி, தமிழ்நாட்டுச் சொல்லான கணையம். தமிழ்நாட்டில் கறிக்கடையில் ஆட்டின் உள்ளுறுப்புகளுக்கெல்லாம் பெயர் உண்டு. ஈரல், குடல், நுரையீரல், மூளை என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குவோம். மண்ணீரலுக்குக்கூடச் சுவரொட்டி என்று ஓர் அருமையான கடைப்பெயர் இருக்கிறது. மண்ணீரல் என்று கேட்டால் கடைக்காரர் சற்று யோசிப்பார், சுவரொட்டி என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார். கணையத்துக்கு அப்படி ஒரு கடைப்பெயரை நான் கேட்டதில்லை. கொழுப்போடும் சவ்வோடும் ஒட்டிக்கிடப்பதால் அது குடலோடு சேர்ந்து போய்விடுகிறது. ஆங்கிலேயக் கசாப்புக்காரர் இதையும் கழுத்துக்குக் கீழுள்ள தைமஸ் சுரப்பியையும் ஒரே பெயரில் தனியாக எடுத்து விற்பார், நாம் எடுப்பதில்லை. வழக்கில் பெயர் இல்லாத உறுப்புக்கு ஏட்டிலிருந்துதான் பெயர் தர வேண்டும், தந்திருக்கிறார்கள்.

கணையம், கணையமரம் என்பவை பழந்தமிழ்ச் சொற்கள். கோட்டை வாயிற் கதவைப் பகைவர் உடைத்து விடாமல் உட்புறத்தில் குறுக்கே இடும் பருத்த மரத்துக்கு அப்பெயர். சங்கப் பாடல்களில் வீரனின் தோளுக்கு உவமையாக வரும் 'எழு' என்ற சொல்லுக்குக் கணையமரம் என்றே உரைகாரர்கள் பொருள் எழுதியிருக்கிறார்கள். இப்போது உறுப்பைப் பாருங்கள். ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம். முன்சிறுகுடலின் வளைவுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் முதலிரண்டு எலும்புகளின் மட்டத்தில் குறுக்காகக் கடந்து, இடப்புறத்தில் மண்ணீரலின் வாயிலைத் தொடுமிடத்தில் வாலாக முடிகிறது. வயிற்றின் முன்னறைக்கும் பின்சுவருக்கும் நடுவே குறுக்கே போட்ட தாழ்மரம் என்று சொன்னால், அறுவை மருத்துவர் எவரும் மறுக்க மாட்டார். கணையம் என்ற சொல் அந்தக் கிடப்பை அவ்வளவு சரியாகப் படம்பிடிக்கிறது என்பது என் கருத்து. ஆனால் இந்தக் கருத்தை நானே கதவுகளையும் உரைநூல்களையும் உடற்கூற்றுப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடநூலில் ஒரு வரி இருந்திருந்தால், பத்தாம் வகுப்பு மாணவர் அந்தப் படத்தைப் பார்த்தவுடனே 'ஆமாம், தாழ்ப்பாள் மாதிரிதான் இருக்கிறது' என்று சொல்லியிருப்பார். மாறாக, கணை என்றால் அம்பு என்று மட்டுமே தெரிந்த பிள்ளைகள் கணையத்துக்கும் அம்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார்கள். பாட்டிமார்களோ, குழந்தைகளை வாட்டும் கணைச்சூட்டை நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சொல் உறுப்பு எதனால் ஆனது என்று சொல்கிறது, மற்றது அது எப்படிக் கிடக்கிறது என்று காட்டுகிறது. இரண்டுமே அதன் வேலையைச் சொல்லவில்லை என்பதும் உண்மையே. அதற்காக மூன்றாவது சொல் ஒன்றைப் புதிதாக ஆக்க வேண்டாம் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இருக்கும் இரண்டையே சேர்த்து வைக்க முடியாமல் இருக்கிறோம்.

பெயர் வேறுபாட்டைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பெயரோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல்லில் இருக்கிறது. இதை மட்டுமாவது உடனே கவனியுங்கள் என்று வற்புறுத்த விரும்புகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நாளம் என்றால் சுரப்பிநீர் வழிந்தோடும் குழாய். அதனால்தான் நாளமுள்ள சுரப்பி, நாளமில்லாச் சுரப்பி என்கிறோம். பித்த நாளம், கணைய நாளம் என்றும் எழுதுகிறோம். இலங்கைப் பாடநூல்களில் நாளம் என்றால் இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய். தமிழ்நாட்டில் சிரை என்று சொல்வது அது. சுரப்பிநீர்க் குழாயை அவர்கள் கான் என்பார்கள். பித்தக்கான், கானில் சுரப்பி என்பவை அங்கே வழங்கும் சொற்கள். ஆக, 'கணைய நாளத்தில் அடைப்பு' என்று நான் தமிழ்நாட்டு முறையில் எழுதினால், இலங்கையில் படித்தவர் அதை இரத்தக் குழாயில் அடைப்பு என்று கொள்வதற்கு எல்லா நியாயமும் உண்டு. முன்னது பித்தக்கல் ஒன்று வந்து சிக்கிக்கொள்வது போன்ற நிலை. பின்னது இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் நிலை. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் எதற்கு ஒப்புகிறார் என்பது அங்கே ஒரே ஒரு சொல்லில் தொங்குகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஐயம் இந்தக் குழாயைக் கண்டவருக்கே இருந்தது. பவேரியாவில் பிறந்து இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறு பயிற்றிய யோகான் கியோர்க் விர்சுங், 1642 மார்ச் மாதத்தில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலை அறுத்தபோது கணையத்தின் நெடுகே ஓடும் ஒரு குழாயைக் கண்டார். செப்புத் தகட்டில் அதன் படத்தைச் செதுக்கி, அச்செடுத்து, ஐரோப்பாவின் பெயர்பெற்ற உடற்கூற்றியலாளர்களுக்கு அனுப்பினார். பாரிசிலிருந்த ரியோலானுக்கு எழுதிய மடலில், இதைத் தமனி என்பதா சிரை என்பதா, இதனுள் இரத்தத்தை நான் ஒருபோதும் கண்டதில்லையே என்று கேட்டிருந்தார். விடை கிடைப்பதற்கு அவருக்கு வாழ்நாள் போதவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தம் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். 1664இல் லைடன் நகரில் மாணவராக இருந்த ரெக்னியர் த கிராப், உயிருள்ள நாயின் கணையக் குழாயில் பறவையிறகின் தண்டைப் பொருத்திக் கணைய நீரைச் சேகரித்த பிறகே, அது சுரப்பிநீர் ஓடும் வழி என்பது ஐயமறத் தெளிந்தது. அறிவியல் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்த்துவைத்த ஐயத்தைத் தமிழ்ச் சொற்றொகுதிகள் புதுப்பித்து வைத்திருக்கின்றன. நாளத்தையும் கானையும் பற்றி வாதிட்டுக்கொண்டிருப்பதைவிட, பொதுமக்களுக்கான எழுத்தில் கணையக் குழாய், பித்தக் குழாய் என்று இரு கரைக்கும் புரியும் சொல்லை எழுதலாம். இரத்தக் குழாயாக இருந்தால் இரத்தக் குழாய் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். பாடநூலில் நாளமோ கானோ இருந்துவிட்டுப் போகட்டும், அடிக்குறிப்பில் மற்றது வர வேண்டும்.

இந்த உறுப்பின் இன்னொரு பாதிக்கு வருகிறேன். அங்கேதான் நம் வீடுகள் இருக்கின்றன. நீரிழிவு இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது. 1869இல் பெர்லினில் 21 வயது மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தம் பட்ட ஆய்வேட்டில், கணையத் திசுவுக்குள் ஆங்காங்கே வேறுவகைச் செல்கள் சிறு கூட்டங்களாகக் கிடப்பதை எழுதினார். அவை எதற்கென்று தமக்குத் தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். 1889இல் ஸ்திராஸ்பூர்க்கில் மிங்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் கணையத்தை முழுவதும் அகற்றிய நாய்க்குக் கடும் நீரிழிவு வந்தது. 1893இல் பிரெஞ்சு அறிஞர் லாகெஸ், லாங்கர்ஹான்ஸ் கண்ட கூட்டங்களைத் 'தீவுகள்' என்று அழைத்து அவருடைய பெயரையே சூட்டினார். தீவுக்கு இலத்தீனில் 'இன்சுலா'. அதிலிருந்துதான் 1909இல் பெல்ஜிய நாட்டு த மேயர், இன்னும் எவரும் பிரித்தெடுத்திராத ஒரு பொருளுக்கு முன்கூட்டியே இன்சுலின் என்று பெயர் வைத்தார். 1921 கோடையில் டொரொண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுக்க முயன்று, 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டபோது, பெயர் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு வேண்டிய கன்றுகளின் கணையத்தை அவர்கள் இறைச்சிக் கூடத்திலிருந்துதான் வாங்கினார்கள். செயற்கை முறையில் மனித இன்சுலின் 1980களில் புழக்கத்துக்கு வரும்வரை, உலகின் நீரிழிவு நோயாளிகள் மாடுகளின், பன்றிகளின் கணையத்தை நம்பியே வாழ்ந்தார்கள். கறி என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் அந்தச் சில பத்தாண்டுகளில் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது.

அந்தத் தீவுகளைத் தமிழில் சிலர் சிறுதீவுகள் என்கிறோம், சிலர் திட்டுகள் என்கிறோம். இரண்டுமே நல்ல சொற்கள். திட்டு என்பதில் எனக்குச் சற்றுக் கூடுதல் பற்று உண்டு. ஆற்றின் நடுவே நீர் சூழ்ந்து தலைகாட்டும் மணற்பரப்பை நாம் திட்டு என்று சொல்வதால், ஏறத்தாழ நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்காக, நொதி சுரக்கும் செல்களின் பெருவெள்ளத்துக்கு நடுவே பத்து இலட்சம் போலச் சிதறிக் கிடக்கும் அந்தக் கூட்டங்களுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் 'லாங்கர்ஹான்ஸ் திட்டுகளில் இன்சுலின் சுரக்கிறது' என்று மட்டும் எழுதி முடித்துவிடும் பாடநூல், இன்சுலின் என்ற சொல்லிலேயே தீவு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. நாள்தோறும் தம் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ளும் ஒருவர் உச்சரிக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்குச் சொல்வதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

இடப்பற்றாக்குறையை நீங்கள் காரணம் காட்டக்கூடும். பாடநூலின் பக்கங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, சொற்றொகுதியில் ஆயிரக்கணக்கான பதிவுகள் உண்டு, எல்லாவற்றுக்கும் வரலாறு எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பீர்கள். நியாயம்தான். எல்லாச் சொல்லுக்கும் நான் கேட்கவில்லை. இரு நாட்டு வழக்கும் வேறுபடுகின்ற, நோயாளிகளின் கையில் போய்ச் சேருகின்ற உறுப்புப் பெயர்களுக்கு மட்டும் கேட்கிறேன். அவற்றை எண்ணினால் பெருந்தொகை வராது. மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவத்தைப் பயிற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவி 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெரிய நூலையே தமிழில் கொண்டுவந்தார். அன்று அந்த அச்சகத்துக்கு இருந்த வசதிகளை நினைத்துப் பார்த்தால், இன்று நான்கு வரி கூடுதலாக அச்சிடுவது பெரிய செலவாகத் தோன்றவில்லை.

ஒரே தரப்பாகப் பொதுச்சொல் ஒன்றை முடிவுசெய்துவிடலாமே என்று சொல்பவர்களும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கணையம் மூன்று தலைமுறைத் தமிழ்நாட்டு மாணவர்களின் நாவில் ஊறியது. சதையி அதே அளவுக்கு ஈழத்து மாணவர்களின் நாவில் ஊறியது. ஆணை பிறப்பித்து ஒன்றை நீக்கினால், நீக்கப்பட்ட சொல்லைப் படித்த முதியவர்கள்தான் மருத்துவமனையில் திணறுவார்கள். அவர்கள்தான் இந்த உறுப்பின் நோய்களோடு மருத்துவமனைக்கு வருகிறவர்களும்கூட. மேலும், சென்னை மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் நின்று கேட்டால் பெரும்பாலும் பான்கிரியாஸ் என்ற சொல்தான் காதில் விழும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதையும் பதிவில் சேர்த்துவிடலாம்.

என் கோரிக்கை எந்த அளவினது என்பதைக் காட்ட ஒரு மாதிரிப் பதிவை எழுதி இணைக்கிறேன்.

"கணையம் (தமிழ்நாடு), சதையி (இலங்கை), பேச்சில் பான்கிரியாஸ். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்த சுரப்பி. செரிமான நீரையும் இன்சுலின் உள்ளிட்ட ஹார்மோன்களையும் சுரப்பது. கிரேக்கப் பெயர் 'முழுவதும் இறைச்சி' என்று பொருள்படும். சதையி என்பது அப்பொருளைத் தழுவியது. கணையம் என்பது பழந்தமிழில் கோட்டைக் கதவின் குறுக்குமரம். உறுப்பு கிடக்கும் நிலைக்குப் பொருந்துவது. இதன் நீர் செல்லும் குழாயைத் தமிழ்நாட்டில் நாளம் என்றும் இலங்கையில் கான் என்றும் வழங்குவர். இலங்கையில் நாளம் இரத்தக் குழாயைக் குறிக்கும் என்பதை மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்க."

ஒன்பதே சிறு வாக்கியங்கள். கணையம் என்ற சொல்லைப் பற்றிய வாக்கியத்தை உங்கள் தமிழறிஞர்கள் பழைய சொற்குழுக்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டு, தேவையானால் திருத்திக்கொள்ளட்டும். நாளத்தைப் பற்றிய கடைசி வாக்கியத்தை மட்டும் எக்காரணத்துக்காகவும் நீக்கிவிடாதீர்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன்பே இரு நாட்டுக் குழுக்களும் ஒரு முறையாவது இத்தகைய பதிவுகளைப் பரிமாறிக்கொண்டால், இதே போல் சிரை, தமனி, சூலகம், தந்துகி ஆகியவற்றுக்கும் மாதிரிப் பதிவுகளை எழுதித் தர அணியமாக இருக்கிறேன். அவற்றுக்கு ஊதியம் எதுவும் வேண்டாம்.

இவண்,
மருத்துவத் தமிழாக்கப் பணியில் உள்ள ஒருவன்